நோயின் காரணமும் நோயின் பொருளும்

மார்பகப் புற்றுநோய் கண்ட ஒருவர் மாற்று மருத்துவத்தை நாடும்போது, அதை அறியாமை என்றோ அச்சம் என்றோ சொல்லி ஒதுக்கிவிடுவது மருத்துவர்களிடமும் உறவினர்களிடமும் பரவலாகக் காணப்படும் வழக்கம். நோயாளி என்ன கேட்கிறார் என்பதைக் காதில் வாங்குவதற்கு முன்பே அந்த வழக்கம் விடையைச் சொல்லிவிடுகிறது. உண்மையில் அவர் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். இந்தக் கட்டி எதனால் வந்தது, எதனால் தீரும் என்பது ஒன்று. இது தனக்கு ஏன் வர வேண்டும், வந்தபின் எப்படி வாழ்வது என்பது மற்றொன்று. முன்னதைக் காரணம் பற்றிய கேள்வி என்றும் பின்னதைப் பொருள் பற்றிய கேள்வி என்றும் இங்கே பிரித்துக்கொள்ளலாம். ஒரு நிகழ்வு ஒருவருடைய வாழ்வில் பெறும் இடத்தையும் மதிப்பையுமே ‘பொருள்’ என்ற சொல் இக்கட்டுரையில் குறிக்கிறது. மருத்துவமனை முதற்கேள்விக்கு மட்டும் விடை தருகிறது, அதையும் பெரும்பாலும் எண்களில் தருகிறது. மாற்று மருத்துவ முறைகளில் பல இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையைத் தருவதாகச் சொல்கின்றன. அவற்றின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது, அவை விளைக்கும் கொடுமையும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலை மிகுந்த நேர்மையோடு வாழ்ந்தும் எழுதியும் காட்டியவர்களில் ஒருவர் ட்ரேயா கில்லம் வில்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி. மெய்யியல், உளவியல், கீழைச் சமயங்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து எழுதிவந்த கென் வில்பரை அவர் 1983 நவம்பரில் மணந்தார். திருமணமாகி இரண்டு வாரங்கள் முடிவதற்குள் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகள் இருவருடைய வாழ்வும் நோயைச் சுற்றியே அமைந்தது. 1989 ஜனவரியில் ட்ரேயா இறந்தபின், அவருடைய நாட்குறிப்புகளையும் தம்முடைய விவரிப்பையும் மாறிமாறிப் பின்னி, வில்பர் 1991இல் ‘கிரேஸ் அண்ட் கிரிட்’ என்ற நூலை வெளியிட்டார். ட்ரேயா புதுயுக இயக்கத்தின் உள்ளிருந்து வந்தவர் என்பதே அந்நூலுக்குத் தனிச் சிறப்பைத் தருகிறது. 1960களுக்குப் பின் மேலைநாடுகளில் தியானம், யோகம், மாற்று மருத்துவம், கூட்டு வாழ்க்கை ஆகியவற்றைக் கலந்து உருவான ஆன்மிகப் போக்கே புதுயுக இயக்கம் எனப்படுவது. ஸ்காட்லாந்தில் உள்ள ஃபிண்ட்ஹார்ன் என்ற அதன் புகழ்பெற்ற குடியிருப்பில் அவர் சில காலம் வாழ்ந்திருந்தார். நோய்க்கு மனமே காரணம் என்ற கொள்கை அவருக்கு வெளியிலிருந்து வந்த ஒன்றன்று. நலமாக இருந்த நாட்களில் அவரே ஏற்றுப் பிறரிடமும் பொருத்திப் பார்த்த கொள்கை அது.

அவர் மேற்கொண்ட சிகிச்சைகளின் வரிசை, மாற்று மருத்துவத்தை நாடுபவர் நவீன மருத்துவத்தை வெறுப்பவராகவே இருப்பார் என்ற எண்ணத்தைக் குலைக்கிறது. முதலில் மார்பின் ஒரு பகுதியை அகற்றும் அறுவையும் கதிர்வீச்சும்; நோய் திரும்பியபோது மார்பு முழுவதையும் அகற்றும் அறுவை; அதன்பின் கீமோதெரபி, அதாவது வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும் மருந்துகளை உடல் முழுவதும் செலுத்தும் முறை. நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியபின் ஜெர்மனியின் போன் நகரில் இருந்த யாங்கர் மருத்துவமனையில், ஐஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தை அமெரிக்க மருத்துவமனைகள் கொடுக்கத் துணியாத அளவுகளில் ஏற்றுக்கொண்டார். அதற்கும் பிறகுதான் நியூயார்க்கில் நிக்கலஸ் கோன்சாலஸ் நடத்திய நொதிச் சிகிச்சைக்குச் சென்றார். கணைய நொதி மாத்திரைகளை நாள்தோறும் பெருமளவில் விழுங்குவது, கடுமையான உணவுக் கட்டுப்பாடு, காப்பிக் கரைசலைக் குடல் கழுவப் பயன்படுத்துவது ஆகியவை அதன் உறுப்புகள். இவை எல்லாவற்றுக்கும் ஊடே தியானமும் விபாசனைப் பயிற்சியும் திபெத்திய பௌத்த வழிபாடும் நடந்துவந்தன. மருந்துக்குப் பதிலாக எடுக்கப்படுவதை மாற்று மருத்துவம் என்றும், மருந்தோடு சேர்த்து எடுக்கப்படுவதைத் துணை மருத்துவம் என்றும் ஆய்வாளர்கள் பிரிப்பார்கள். ட்ரேயா பெரும்பாலான காலம் இரண்டாவது வகையிலும், இறுதிக் கட்டத்தில் முதல் வகையிலும் இருந்தார்.

அவரைச் சூழ்ந்திருந்த கொள்கைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி ஃபினியஸ் குவிம்பி, நோய் என்பது தவறான நம்பிக்கையே என்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போதித்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற மேரி பேக்கர் எடி, 1875இல் வெளியிட்ட தம் நூலின் வழியே ‘கிறிஸ்தவ அறிவியல்’ என்ற சமயப் பிரிவைத் தோற்றுவித்தார். பொருண்மை உலகமே மெய்யன்று, ஆகவே நோயும் மெய்யன்று, பிரார்த்தனையே மருந்து என்பது அதன் நிலைப்பாடு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சிந்தனை சமயச் சட்டையைக் கழற்றி உளவியல் சட்டையை அணிந்தது. கதிர்வீச்சு மருத்துவரான கார்ல் சைமன்டன் 1978இல் வெளியான நூலில், வெள்ளையணுக்கள் புற்றுச் செல்களைத் தாக்குவதாக நோயாளி மனத்தில் காட்சிப்படுத்த வேண்டும் என்றார். நோயால் நோயாளி மறைமுகமாக அடையும் ஆதாயம் என்ன என்பதையும் அவரே ஆராய வேண்டும் என்றார். 1984இல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்ட லூயிஸ் ஹேயின் நூல் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மனக்காரணத்தைப் பட்டியலிட்டது. புற்றுநோய்க்கு நெடுநாள் மனக்கசப்பு, மார்பக நோய்களுக்குத் தன்னைப் பேணாமல் பிறரையே பேணிக்கொண்டிருப்பது என்றெல்லாம் அதில் விளக்கம் இருந்தது. குழந்தைகளை வளர்த்து, குடும்பத்தைச் சுமந்து, பிறருக்காகவே வாழ்ந்த ஒரு பெண்ணிடம் அந்தப் பேணுதலே அவளுடைய நோய்க்குக் காரணம் என்று சொல்வது எத்தகைய பேச்சு என்பதை அந்தப் பட்டியலை எழுதியவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிய சிந்தனையாகத் தோன்றாது. ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்ற பேச்சைக் கேட்காத நோயாளி இங்கே அரிது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு தெளிவாகிறது. இந்திய மரபில் வினை மூவகைப்படும்: பிறவிகள்தோறும் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிப்பதற்கென அதிலிருந்து முளைத்த பிராரத்தம், இப்போது புதிதாகச் சேரும் ஆகாமியம். நோய் பிராரத்தத்தைச் சேர்ந்தது என்று கொண்டால், அதைச் செய்தவர் இன்றைய நினைவுக்கு எட்டாத ஒருவர். இன்று நோயுற்றுக் கிடப்பவர் அதை அனுபவிக்கிறாரே தவிர, இன்றைய எண்ணத்தாலோ குணத்தாலோ அதை வரவழைத்தவர் ஆகமாட்டார். அந்தக் கொள்கையில் கொடுமை இல்லை என்று சொல்ல முடியாது. சாதிக்கும் வறுமைக்கும் அது நியாயம் கற்பித்த வரலாறு எல்லோரும் அறிந்தது. இருந்தும் நோயாளியைப் பொறுத்தவரை அதில் ஒரு மூச்சுவிடும் இடம் இருந்தது. புதுயுகக் கொள்கை அந்த இடத்தையும் எடுத்துவிட்டது. குற்றம் முற்பிறவியிலிருந்து நேற்றைய மனநிலைக்கு இறங்கிவந்தது. இன்று காலை எழுந்த ஒரு கோபமோ அழுகையோ நாளை வரும் கட்டிக்குக் காரணமாகக் கூடும் என்ற அச்சத்தில் நோயாளி தன் மனத்தையே காவல்காக்க வேண்டியவர் ஆனார்.

உலகப் பெருஞ்சமயங்களின் மூலநூல்கள் இந்தக் கணக்கை ஏற்கத் தயங்கியிருப்பது கவனிக்கத் தக்கது. எபிரேய மறையில் யோபு என்ற நீதிமான் உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கையில், அவனைத் தேற்ற வந்த நண்பர்கள், அவன் செய்த பாவம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று வாதிடுகிறார்கள். நூலின் முடிவில் கடவுள் சினப்படுவது அந்த நண்பர்கள்மீதுதான். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா இவன் பெற்றோரா என்று வினவுகிறார்கள்; இயேசு இரண்டையும் மறுக்கிறார். பாலி மொழியில் அமைந்த சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற துறவி, மனிதர் படும் இன்ப துன்பங்கள் அனைத்தும் முன்வினையால் வருபவை என்று சிலர் சொல்வதைப் பற்றிப் புத்தரிடம் கேட்கும் பகுதி உள்ளது. பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலைச் சரிவரப் பேணாமை, வெளியிலிருந்து நேரும் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களைப் புத்தர் அங்கே அடுக்குகிறார்; எல்லாவற்றையும் வினையின் தலையில் ஏற்றுபவர்கள் உலகம் அறிந்த உண்மையை மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. வினைக்கொள்கையை ஏற்ற ஒருவரே வினையை எட்டில் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார் என்பதில் பெரும் நிதானம் இருக்கிறது. ட்ரேயா ஈடுபட்டிருந்ததும் பௌத்த நெறிதான். ஆனால் அவரைச் சுற்றிப் பேசப்பட்ட பௌத்தத்தில் இந்த நிதானம் அரிதாகவே கேட்டது.

அவர் காலத்திலேயே இந்தப் பேச்சை எதிர்த்து எழுதியவர் சூசன் சான்டாக். 1975இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகி, கிடைத்த சிகிச்சைகளில் மிகக் கடுமையானதைத் தேர்ந்தெடுத்த அவர், 1978இல் வெளியிட்ட ‘இல்னஸ் அஸ் மெட்டஃபர்’ என்ற நூலில் தம் நோயைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல், நோயைக் குணத்தின் வெளிப்பாடாகக் காணும் பழக்கத்தையே சாடினார். காசநோய்க்குக் கிருமி கண்டுபிடிக்கப்படும்வரை அதுவும் மென்மனத்தாரின் நோயாக விளக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். காரணம் தெரியாத நோய்க்கே உளவியல் விளக்கங்கள் குவிகின்றன என்றார். அவருடைய வாதம் வலுவானது. ஆயினும் நோயிலிருந்து எல்லாப் பொருளையும் உரித்துவிட வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை எல்லா நோயாளிகளாலும் ஏற்க முடிவதில்லை, ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வில்பர் இங்கே நுட்பமான ஒரு பிரிவைச் செய்தார்: உடலில் நிகழும் நோய் ஒன்று, சமூகம் அந்நோயின்மீது சுமத்தும் தீர்ப்பு இன்னொன்று, முன்னது மருத்துவரின் கைக்கு உரியது, பின்னது பண்பாட்டின் உருவாக்கம். அந்தத் தீர்ப்பைக் களைந்த பின்னும் நோயாளி தன் அனுபவத்துக்குத் தானே ஒரு பொருளைக் கண்டடைய இடம் இருக்கிறது என்பதே ட்ரேயாவின் குறிப்புகளிலிருந்து தெரிவது.

காரணம் பற்றிய கேள்விக்கு வருவோர் முதலில் அறிய வேண்டியது சிகிச்சை பெறாத மார்பகப் புற்றுநோயின் போக்கு. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1805 முதல் 1933 வரை சிகிச்சையின்றி இருந்த 250 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 1962இல் ஒரு கட்டுரை வெளியானது. அறிகுறி தோன்றிய நாளிலிருந்து கணக்கிட்டால் அவர்களில் பாதிப்பேர் 2.7 ஆண்டுகளுக்கு மேல் வாழவில்லை. ஆனால் 18 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளும், 3.6 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளும் வாழ்ந்தார்கள். எதுவுமே செய்யாமல் பத்தாண்டு வாழ்பவர்கள் சிலர் இருக்கும் நோயில், எதையேனும் செய்து பத்தாண்டு வாழ்ந்த ஒருவருடைய சாட்சியம், அவர் செய்ததன் பலன் எவ்வளவு என்பதைக் காட்டாது. இதைவிட அடிக்கடி நேரும் மயக்கம் ஒன்று உண்டு. அறுவையில் கட்டி முழுவதும் அகற்றப்பட்ட ஒரு பெண், நோய் திரும்பாதிருக்கத் தரப்படும் கீமோதெரபியையோ ஹார்மோன் மருந்தையோ மறுத்துவிட்டு, சாறும் மூலிகையும் உட்கொண்டு நலமாக இருக்கிறார். நலத்தின் பெருமை மூலிகைக்குப் போகிறது, கட்டியை எடுத்த கத்தி மறக்கப்படுகிறது. மூலிகை, இரசாயனம் என்ற எதிர்நிலையும் இங்கே உதவுவதில்லை: மார்பகப் புற்றுநோய்க்கு இன்று பரவலாகத் தரப்படும் பாக்லிடாக்செல் யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது.

பரவாத நிலையில் இருந்த மார்பகம், நுரையீரல், பெருங்குடல், ஆண்சுரப்பிப் புற்றுநோய்களில் மாற்று மருத்துவத்தை மட்டுமே எடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2018இல் அச்சிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. முதற்பிரிவினர் இறக்கும் வாய்ப்பு, ஒப்பிடக்கூடிய கால அளவில், மொத்தத்தில் இரண்டரை மடங்காகவும் மார்பகப் புற்றுநோயில் ஐந்தரை மடங்குக்கு மேலாகவும் இருந்தது. பிற புற்றுநோய்களைவிட மார்பகப் புற்றுநோயில் இடைவெளி இவ்வளவு விரிவதற்குக் காரணம், தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு நல்ல சிகிச்சை இருப்பதுதான். எங்கே மருத்துவத்தால் மிகுதியாகக் காப்பாற்ற முடியுமோ அங்கேதான் அதைக் கைவிடுவதன் இழப்பும் மிகுதி. அதே ஆய்வில், மாற்று வழியைத் தேர்ந்தவர்களிடம் படிப்பும் வருமானமும் கூடுதலாக இருக்கும் போக்கு தென்பட்டது. அதே குழுவினர் அவ்வாண்டே வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மருந்தோடு சேர்த்துத் துணை மருத்துவம் எடுத்தவர்களிலும் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் கீமோதெரபியை மறுத்திருந்தனர். மற்றவர்களில் அந்த அளவு 3 விழுக்காடு. சேர்த்து எடுப்பதால் கேடில்லை என்ற ஆறுதல் எங்கே பிழைபடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

படித்தவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதற்கு மருத்துவத்தின் வரலாற்றிலேயே பாதி விடை கிடைக்கிறது. வில்லியம் ஹால்ஸ்டெட் 1880களில் தொடங்கி நிலைநாட்டிய அறுவைமுறை, மார்பை மட்டுமன்றி அதன் அடியில் உள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றியது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே கேள்விக்கு இடமற்ற முறையாக இருந்தது. 1970களில் தொடங்கிய பெர்னார்ட் ஃபிஷரின் ஒப்பீட்டாய்வுகள்தாம் அத்தனை பெரிய அறுவையால் ஆயுள் கூடவில்லை என்று காட்டின. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுத் தருவது மார்பு முழுவதையும் அகற்றுவதற்கு இணையானது என்ற முடிவு 1985இல் வெளியானது. அதற்கு முன் அமெரிக்காவில், மயக்கமருந்து கொடுத்துத் திசுவைச் சோதித்து, புற்று என்று தெரிந்தால் அப்போதே மார்பை அகற்றிவிடும் வழக்கம் இருந்தது. கண்விழிக்கும்போது மார்பு இருக்குமா இராதா என்பது தெரியாமலே பெண்கள் அறுவைமேசையில் படுத்தார்கள். ரோஸ் குஷ்னர் போன்ற நோயாளிகளின் போராட்டத்துக்குப் பிறகே 1979இல் சோதனையையும் அறுவையையும் இரண்டு கட்டங்களாகப் பிரிக்கும் பரிந்துரை வந்தது. 1990களிலோ, மிக உயர்ந்த அளவில் கீமோதெரபி கொடுத்துவிட்டு எலும்புமச்சையை மீண்டும் செலுத்தும் முறை, போதிய ஒப்பீட்டாய்வு இல்லாமலே ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டது. 1999இல் வெளியான ஆய்வுகள் பெரும்பாலும் பயனில்லை என்றன, பயனுண்டு என்ற தென்னாப்பிரிக்க ஆய்வு பொய் என்பது 2000இல் தெரிந்தது. நம்பிக்கையைச் சான்றென்று கொள்ளும் பிழை மருத்துவமனைக்கு வெளியே மட்டும் நிகழ்வதன்று. ஆயினும் ஹால்ஸ்டெட் முறையை வீழ்த்தியதும், எலும்புமச்சை முறையை நிறுத்தியதும் மருத்துவத்துக்குள்ளேயே நடந்த ஒப்பீட்டாய்வுகள். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வழி ஒன்றை அந்தத் துறை வைத்திருந்தது.

அத்தகைய வழி நொதிச் சிகிச்சையில் இருந்ததா என்பதே ட்ரேயாவின் இறுதி ஆண்டு எழுப்பும் மெய்யியல் கேள்வி. அந்தச் சிகிச்சையின் வேர், கணைய நொதிகளே புற்றுக்கு எதிரான இயற்கைக் காப்பு என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோவில் வாதிட்ட கருவியல் அறிஞர் ஜான் பியர்டிடம் இருக்கிறது. அதை வில்லியம் டொனால்ட் கெல்லி என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் விரித்தார், கோன்சாலஸ் அவரிடமிருந்து பெற்றார். நொதி வேலைசெய்தால் கட்டி வீங்கிச் சிதையும், ஆகவே படத்தில் அது பெரிதாகத் தெரிவது நோய் வளர்வதாகவும் இருக்கலாம், நோய் அழிவதாகவும் இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. புற்றுநோய் மருத்துவர்கள் வளர்ச்சி என்று படித்த அதே படத்தை, வெற்றியின் அடையாளமாகப் படிக்கும் சாத்தியம் ட்ரேயாவின் முன்னும் வில்பரின் முன்னும் வைக்கப்பட்டது. எந்த விளைவு வந்தால் தன் கூற்றுப் பொய் என்று ஒப்புக்கொள்ளும் என்பதை முன்கூட்டிச் சொல்லாத கூற்று அறிவியல் ஆகாது என்பது கார்ல் பாப்பரின் அளவுகோல். முன்னேற்றமும் பின்னடைவும் ஒரே விதமாகச் சான்றாகும் இடத்தில் அந்த அளவுகோல் உடைந்துவிடுகிறது. நொதிமுறைக்கு நேரான சோதனை பின்னாளில் வந்தது: கணையப் புற்றுநோய் கண்ட 55 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14 மாதங்களாகவும், நொதிமுறையைத் தேர்ந்தவர்களுடையது 4.3 மாதங்களாகவும் இருந்தது. அதற்குள் ட்ரேயா இறந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் நொதியை நாடிய நேரத்தில் நிலைத்த பயன் தரக்கூடிய சிகிச்சை எதுவும் மீதமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரைக் கைவிட்டது நொதி மட்டுமன்று.

மனம் நோயின் போக்கை மாற்றுமா என்பதையும் ஆய்வாளர்கள் புறந்தள்ளிவிடவில்லை. ஸ்டான்ஃபோர்டு மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்து, வாரந்தோறும் கூடிப் பேசிய குழுவினர் சராசரியாக 36.6 மாதங்களும் மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக 1989இல் அறிவித்தார். மனத்தால் ஆயுள் நீளும் என்ற பேச்சைப் பொய்ப்பிக்கும் எண்ணத்தோடு அந்தக் கணக்கில் இறங்கியவர் அவர். கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நடந்து 2001இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே மீண்டும் செய்து 2007இல் வெளியிட்டதிலும் மொத்தத்தில் நீளவில்லை. கனடிய ஆய்வில் நிலைத்து நின்றது வேறொன்று: குழுவில் இருந்த பெண்களுக்கு, தொடக்கத்தில் மிகுந்த துயரில் இருந்தவர்களுக்குக் குறிப்பாக, மனவேதனை குறைந்தது, வலி கூடுவதும் குறைந்தது. பொருள் பற்றிய கேள்விக்குத் துணைநிற்பவை கட்டியைக் கரைக்காமலே மனிதரைத் தாங்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தியானத்தையும் பிரார்த்தனையையும் மருந்தின் வரிசையில் நிறுத்தி, மருந்துக்குரிய தேர்வில் அவற்றைத் தோற்கவைப்பது அவற்றுக்கும் அநீதிதான்.

இந்த இடத்தில் திருவண்ணாமலைக்குத் திரும்புவதற்கு ஒரு தொடர்பு உண்டு. வில்பர் தம் எழுத்துகளில் உயர்வாகப் போற்றியவர்களில் அங்கே வாழ்ந்த ரமண மகரிஷி ஒருவர். ரமணரின் உரையாடல் தொகுப்பின் அமெரிக்கப் பதிப்பு ஒன்றுக்கு அவர் முன்னுரையும் எழுதினார். அந்த ரமணரும் புற்றுநோயால் இறந்தவர். இடக்கையில் தோன்றிய சிறு கட்டி சார்க்கோமா, அதாவது தசை முதலிய இணைப்புத் திசுக்களில் உண்டாகும் புற்று, என்று கண்டறியப்பட்டு, 1949இல் மட்டும் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது; ரேடியக் கதிர்வீச்சும் தரப்பட்டது. கையை அகற்ற வேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. இடையிடையே பச்சிலை வைத்தியம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று அன்பர்கள் கொண்டுவந்த எல்லாவற்றுக்கும் இடம்கொடுத்தார். சிகிச்சை வேண்டும் என்ற விருப்பம் அன்பர்களுடையது, உடலே ஒரு நோய் என்பது தம்முடைய நிலை என்ற பொருளில் அவர் பேசியதாகப் பதிவுகள் உள்ளன. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அவர் ஏதேனும் ஒரு முறையை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. தமக்கு நோய் வந்ததற்கு எந்தத் தவறையும் தம்மிடம் தேடவுமில்லை. சிலர் அவர் பிறருடைய வினையைத் தம்மீது ஏற்றார் என்றார்கள். அதுவும் அன்பர்களின் தேடலே.

ரமணரின் நிலையைப் பிற நோயாளிகளுக்கு அறிவுரையாக எடுத்துக்கொடுப்பது பெரும் தவறாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். உடலோடு தன்னை ஒன்றாக எண்ணாத ஒருவர் மருத்துவத் தேர்வைப் பிறரிடம் விட்டுவிடலாம். முப்பத்தைந்து வயதில் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சையில் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது உயிரான கேள்வி. அவளிடம் பற்றின்மையைப் போதிப்பது, மனத்தை மாற்றினால் நோய் போகும் என்பதைப் போலவே, நலமாக இருப்பவர்களின் வசதிக்காகச் சொல்லப்படும் பேச்சாகவே முடியும். ட்ரேயா இந்த இக்கட்டை நன்றாக அறிந்திருந்தார். வாழ்வதற்காக முழு மூச்சோடு முயல்வதும் முயற்சியின் விளைவைப் பற்றாதிருப்பதும் ஒரே நேரத்தில் இயலுமா என்று தேடி, இரண்டையும் பிணைத்து வேட்கை நிறைந்த அமைதி என்ற கருத்துக்கு அவர் வந்துசேர்ந்தார். கீதை பேசும் பயன் கருதாத செயலுக்கு அது நெருங்கியது. ஆனால் போர்க்களத்தில் வில்லேந்தியவனுக்குச் சொல்லப்பட்டதைவிட, நாள்தோறும் மாத்திரைகளை எண்ணி விழுங்கிக்கொண்டு இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த ஒருவர் அதைக் கண்டடைந்தது கடினமான சாதனை என்றே தோன்றுகிறது.

அவருக்குப் பொருள் தந்த பயிற்சி திபெத்திய மரபின் தொங்லென். மூச்சை உள்ளிழுக்கும்போது பிறருடைய துன்பத்தைத் தன்னுள் ஏற்பதாகவும், வெளிவிடும்போது தன் நலத்தை அவர்களுக்கு அனுப்புவதாகவும் எண்ணிச் செய்யும் தியானம் அது. வெள்ளையணுப் படை புற்றைத் தாக்குவதாகக் கற்பனை செய்யச் சொன்ன முறைக்கு இது நேர் எதிரானது: துன்பத்தை விரட்டவோ அதற்குக் காரணம் கற்பிக்கவோ முயலாமல், அதே நோயில் இருக்கும் மற்றவர்களோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும் வழி. 1988இல் வெளியான தம் கட்டுரை ஒன்றில், நோயாளிக்கு எத்தகைய உதவி உண்மையில் உதவுகிறது என்பதை ட்ரேயா ஆராய்ந்தார். நீ ஏன் இதை வரவழைத்துக்கொண்டாய் என்று கேட்பவர்களின் கேள்விக்கு அடியில், தமக்கு அது வராது என்று உறுதிசெய்துகொள்ளும் அச்சம் இருப்பதை அவர் அடையாளம் கண்டார். தாமே முன்பு பிறருடைய நோய்களுக்கு அப்படி விளக்கம் கற்பித்ததையும் மறைக்காமல் எழுதினார். நோயாளி தன் வாழ்வைத் திருப்பிப் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்வதை அவர் மறுக்கவில்லை. மாற்றிக்கொள்வதும் குற்றம் ஏற்பதும் வேறு வேறு என்றார்.

அந்த வேறுபாட்டின் முழு அழுத்தமும் சிகிச்சையை நிறுத்தும் கட்டத்தில்தான் தெரிகிறது. நோய்க்கு மனமே காரணம் என்று கொண்டவருக்கு நிறுத்தம் என்பதற்குத் தோல்வி என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. போதுமான உறுதி இல்லை, போதுமான நம்பிக்கை இல்லை, இன்னும் விடாத மனக்கசப்பு எங்கோ இருக்கிறது என்று இறக்கும்வரை தன்னையே விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசிச் சாறு, கடைசி மூலிகை, கடைசிப் பயணம் என்று குடும்பம் கடன்பட்டு ஓடுவதற்கும், விடைபெறுவதற்குரிய நாட்கள் அந்த ஓட்டத்தில் கரைந்துபோவதற்கும் இதுவே பெரிதும் காரணம். மிகத் தீவிரமான கீமோதெரபியை இறுதி வாரம்வரை கேட்டு நிற்கும் குடும்பங்களிலும் இதே எண்ணம் வேறு உருவில் இருக்கிறது. காரணத்தையும் பொருளையும் பிரித்துக்கொண்ட நோயாளிக்கோ நிறுத்தம் ஒரு மருத்துவ முடிவு: இந்த மருந்தால் இனி இவ்வளவுதான் கிடைக்கும், அதற்கு இவ்வளவு வேதனை என்ற கணக்கை மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்து எடுக்கப்படுவது. அந்த முடிவு அவர் வாழ்ந்த வாழ்வைப் பற்றியோ அவர் மனத்தின் தரத்தைப் பற்றியோ எந்தத் தீர்ப்பையும் சொல்வதில்லை. 1989 ஜனவரியில், மூளையில் வளர்ந்த கட்டியால் ஒரு கண்ணின் பார்வை ஏற்கெனவே போயிருந்த நிலையில், போதும் என்று சொன்னவர் ட்ரேயாவே. அவரை மறித்து இன்னொரு சிகிச்சைக்கு அழைக்காமல் வில்பர் அதை ஏற்றுக்கொண்டார்.